புதன்கிழமை வெயில்

ஜூன் 4

மேகக்காரிக்கு,

இங்கே நான் சுகம், வீடு சுகம், மாடியில் நீ வைத்துவிட்டுப் போன செடிகளில் பாதி சுகம். மீதிப் பாதியைப் பற்றி இப்போது கேட்காதே. அங்கே குளிர் எப்படி? இருமல் போயிற்றா? இரண்டு கம்பளியையும் சேர்த்துப் போர்த்திக்கொள்கிறாயா, இல்லை வழக்கம்போல ஒன்றை யாருக்காவது தானம் செய்துவிட்டாயா?

டைப் அடித்த கடிதத்தைப் பார்த்து வக்கீல் நோட்டீஸ் என்று பயந்துவிடாதே. மேல் வீட்டுக் குமாஸ்தா ஊர் மாறிப் போகும்போது தன் பழைய டைப்ரைட்டரை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். என் கையெழுத்தைப் பற்றி நீ செய்த கேலிக்கெல்லாம் இத்துடன் முடிவு.

சொல்ல வந்தது வேறு. வாங்கிவிட்டேன். எதை என்று நீ கேட்க மாட்டாய். எந்தக் கடை ஜன்னலில் நான் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்பேனோ, எதன் முன்னாலிருந்து நீ என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருவாயோ, அதைத்தான். முதலாளி இத்தனை வருட உழைப்புக்கு என்று மொத்தமாக ஒரு தொகை கொடுத்தார். வீட்டுக்கு வரும் வழியில் கால் தானாகக் கடைக்குள் போய்விட்டது.

பெட்டி மாதிரி இருக்கிறது, கனமும் அப்படித்தான். எல்லோரிடமும் இருக்கிற கேமராவில் ஃபிலிம் தபால்தலை அளவு. இதில் உள்ளங்கையில் பாதி. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். கண்ணில் வைத்துப் பார்க்கிற ஜாதியும் இல்லை. வயிற்றுக்கு நேராக வைத்து, மேல் மூடியைத் திறந்து, கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோலக் குனிய வேண்டும். உள்ளே ஒரு கண்ணாடித் தகடு. அதில் நம் தெரு சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். பேப்பர் போடுபவர் வந்த வழியிலேயே திரும்பிப் போகிறார். எதிர் வீட்டு அம்மா இடது கையால் துணி காயப் போடுகிறார். நிமிர்ந்து பார்த்தால் எல்லாம் பழையபடி இருக்கிறது, இரைச்சலோடு. அதனால் மறுபடியும் குனிந்துவிடுகிறேன்.

ஃபிலிம் இன்னும் போடவில்லை. பார்த்துக்கொண்டே இருக்கிறேன். காலை முழுவதும் போனதே தெரியவில்லை. கோபமா? கோபமென்றால் திட்டி எழுது, ஆனால் எழுது. உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் பல்லுக்காரன்


ஜூன் 26

பல்லுக்காரருக்கு,

இருமல் என்னை விட்டுவிட்டு இந்த வானிலை நிலையத்துச் சமையல்காரரைப் பிடித்துக்கொண்டது. இரண்டாவது கம்பளியும் அவரிடம்தான் இருக்கிறது. மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? காலை முழுவதும் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மனிதர் எப்போது சமைத்து எப்போது சாப்பிடுவார் என்று யோசித்துப் பார்த்தேன்; பதில் கிடைக்கவில்லை.

மூடுபனியால் போன வாரம் தபால் வண்டி மேலே வரவில்லை. அதனால்தான் தாமதம், கோபத்தால் இல்லை. கோபம் இருக்கிறது, அது வேறு கணக்கு. அந்தக் கஞ்சரா மொத்தமாகக் கொடுத்தார்? தேய்ந்த பிரஷ்ஷை வெட்டி வெட்டி உபயோகிக்கச் சொல்கிற மனிதராயிற்றே! பல் செட் வாங்க வந்த யாராவது அவர் மனசை மாற்றிவிட்டார்களா? எப்படியோ, உங்கள் பொம்மை உங்களுக்குக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் படம் எங்கே? பார்த்துக்கொண்டிருக்க ஜன்னல் போதாதா?

இனி முக்கியமான விஷயம். நிலையத் தலைவர் கூப்பிட்டார். "இந்த வருஷத்தோட கிளம்பிடாதீங்கம்மா. பலூன் விடவும் மேகம் படிக்கவும் உங்க மாதிரி ஆள் கிடைக்கல. இன்னும் ரெண்டு வருஷம் இருங்க. அக்டோபர் முடியறதுக்குள்ள தலைமை ஆபீசுக்கு எழுத்துல அனுப்பிட்டா போதும்" என்றார்.

மறைக்காமல் சொல்கிறேன், வேலை பிடித்திருக்கிறது. விடிந்ததும் முற்றத்தில் நின்று பலூனை விடும்போது அது கையை ஒரு இழுப்பு இழுத்துவிட்டுப் போகும். பிறகு அது மேகத்துக்குள் நுழையும்வரை யாரும் பேச மாட்டோம். அந்த அமைதிக்காகவே இங்கே இருந்துவிடலாம் என்று தோன்றும். சாயங்காலம் டீயை இரண்டு டம்ளரில் ஊற்றிவிட்டு ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டும்போது, அடுத்த வண்டியிலேயே ஏறிவிடலாம் என்று தோன்றும். நீங்கள் வா என்றால் வருகிறேன், இரு என்றால் இருக்கிறேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.

உங்கள் மேகக்காரி


ஜூலை 18

மேகக்காரிக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஒரு குறையும் இல்லை. சமையல்காரரின் இருமலுக்கு என் அனுதாபம். கம்பளியை மட்டும் திரும்ப வாங்கு.

முதல் ரோலின் கதையைக் கேள். ரோலை உள்ளே மாட்டுவதற்கே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. நூல் கோக்கிற மாதிரி வேலை. எப்படியோ மாட்டி, வீட்டையெல்லாம் சுற்றி, ஒவ்வொரு படத்துக்கும் மூச்சை அடக்கி, பன்னிரண்டையும் எடுத்து முடித்து, ஸ்டூடியோவில் கொண்டுபோய்க் கொடுத்தேன். இந்த ஃபிலிமுக்குப் பின்னால் வெளிச்சம் படாமல் இருக்க ஒரு கறுப்புப் பேப்பர் ஓடும். நான் ரோலைத் திருப்பி மாட்டியதில் லென்ஸைப் பார்த்தபடி பேப்பர்தான் நின்றிருக்கிறது. ஸ்டூடியோக்காரர் ஈரம் சொட்டும் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி சுத்தம். "சார், இவ்வளவு பெரிய கேமராவுல இவ்வளவு நேர்த்தியா ஒண்ணுமே எடுக்காதவர் நீங்கதான்" என்றார். கடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

அடுத்த ரோலை அவரிடமே கொடுத்து மாட்டி வாங்கிக்கொண்டேன். இதோ நாலு பெரிய பிரிண்ட். முன்னறை ஜன்னல், சமையலறை அலமாரி, நம் கட்டில், வாசல். எதுவும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் உற்றுப் பார். பார்க்கப் பார்க்க உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

இரண்டு வருட விஷயம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இரு. மேகம் படிக்கிற நீ இங்கே வந்து என்ன செய்வாய், கூரையையா படிப்பாய்? என்னைப் பற்றிக் கவலைப்படாதே. எனக்குத்தான் கேமரா இருக்கிறதே. ஜன்னலை மூடிக்கொண்டு படு. பதில் எழுது.

உன் பல்லுக்காரன்


ஆகஸ்ட் 9

பல்லுக்காரருக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தை நீங்களே எழுதிவிட்டதால் கேட்கவில்லை.

படங்கள் வந்தன. கட்டிலுக்கு மேலே நாலையும் ஒட்டியிருக்கிறேன். வரைபடம் பார்க்கிற பூதக்கண்ணாடியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு, ஓய்வு நேரத்தில் நம் வீட்டுக்குள் போய்விடுகிறேன். வாசல் படத்தில் ஆரம்பித்தேன். மரக்கதவில் ஆணி அடித்த இடம், தாழ்ப்பாளின் துரு, கதவுக்குக் கீழே என் பழைய செருப்பு, அதன் வாரில் நான் போட்ட தையல்கூடத் தெரிகிறது. அங்கிருந்து அலமாரிக்குப் போனேன். சர்க்கரை டப்பாவின் மூடியைச் சரியாக மூடவே உங்களுக்கு வராதா? எறும்பு நிற்கிறது பாருங்கள், இரண்டு. கட்டில் படத்தில் போர்வை மடிப்பு ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். வயர்லெஸ் பார்க்கிற பெண் வந்து தோளைத் தட்டினாள். "எங்க இருக்கீங்க? மூணு தடவை கூப்பிட்டுட்டேன்" என்றாள். "வீட்ல" என்றேன். அவளும் கண்ணாடியை வாங்கி ஒரு சுற்று போய்வந்தாள்.

தரையில் வெயில் கட்டில் கால்வரை வந்திருக்கிறது. முன்பகல் வெயில். நான் வீட்டில் இருக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெயிலில்தான் தலை காயவைப்பேன். இதுவும் ஞாயிற்றுக்கிழமை எடுத்ததுதானே?

இன்னொன்று. இரு என்று சொன்னதற்கு நன்றி. ஆனால் 'எனக்குத்தான் கேமரா இருக்கிறதே' என்று எழுதினீர்கள் பாருங்கள், அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஒரு பெட்டி என் இடத்தில் உட்கார்ந்துவிட்டதா? கோபித்துக்கொள்ளாமல் பதில் எழுதுங்கள். இன்னும் படம் அனுப்புங்கள்.

உங்கள் மேகக்காரி


ஆகஸ்ட் 30

மேகக்காரிக்கு,

நலமாக இருக்கிறேன். நீ சாப்பிடாமல் இருந்தாய் என்று படித்ததும் எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. உன் இடத்தில் யார் உட்கார முடியும்? பெட்டியை மேஜையில்தான் வைத்திருக்கிறேன். விளையாட்டாக எழுதியது வினையாகிவிட்டது. மன்னித்துவிடு.

ஞாயிற்றுக்கிழமைதான், சந்தேகமென்ன. இத்துடன் வைத்திருக்கிற ஜன்னல் படங்களும் போன ஞாயிறு எடுத்தவைதான். நல்ல மழை பெய்து ஓய்ந்து, ஈரத் தெருவில் வெயில் விழுந்திருந்தது. கம்பியில் ஒவ்வொரு துளியும் தனித்தனியாகத் தெரியும் பார்.

ஒரு விலை உயர்ந்த பொருளை வைத்திருப்பது என்றால் என்ன என்று எனக்கு இப்போதுதான் புரிகிறது. அது நம்மைத்தான் வைத்திருக்கிறது. முதலில் தூசிக்குப் பயந்தேன், பிறகு ஈரத்துக்கு, பிறகு எதிர் வீட்டுப் பூனைக்கு. கடைக்குப் போகும்போது கதவைப் பூட்டிவிட்டு, மறுபடியும் திறந்து, அது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பூட்டுகிறேன். ஒரு நாள் துணிந்து பூங்காவுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "இதுல ஃபோட்டோ எடுப்பீங்களா, இல்ல வெந்நீர் போடுவீங்களா?" என்று கேட்டார். ஆனால் மூடியைத் திறந்து கண்ணாடித் தகட்டைக் காட்டியதும் குனிந்தவர் நிமிரவே இல்லை. "அட, நம்ம மரம்தானே இது?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். வரிசையாக ஆட்கள் வந்து குனிந்து பார்த்தார்கள். குனிந்தவர்கள் எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்கள். ஏன் என்று தெரியவில்லை. நானும் அப்படித்தான்.

அதன் பிறகு வெளியே கொண்டுபோகவில்லை. கனம் ஒத்துவரவில்லை. ஸ்டாண்டில் நிறுத்திவிட்டால் அது அசையாது. விரலால் அமுக்கினாலும் லேசாக அதிருமாம், அதனால் ஸ்டூடியோக்காரர் ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார். அதிலிருந்து நீளமான குழாய் ஒன்று கேமராவுக்குப் போகும். பந்தைத் தரையில் போட்டுக் காலால் மிதித்தால் காற்று போய் ஷட்டரைத் திறக்கும். காலை எடுக்கும்வரை திறந்தே வைத்திருக்கவும் செய்யலாம். ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, காலுக்கடியில் பந்தை வைத்துக்கொண்டு, வெளிச்சம் சுவரில் நகர்வதைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். சில சமயம் மிதிக்கவே மறந்துவிடும். அந்த நேரத்தில் எனக்கு வயசும் இல்லை, வேலையும் இல்லை.

உன் தொண்டைக்கு வெந்நீர் குடி. கையெழுத்துப் போட்டுவிட்டாயா?

உன் பல்லுக்காரன்


செப்டம்பர் 17

பல்லுக்காரருக்கு,

இங்கே எல்லோரும் சுகம். சமையல்காரர் கம்பளியைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஜன்னல் படங்களைப் பார்த்தேன். அழகு. அழகு என்று மட்டும் எழுதி முடிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன், முடியவில்லை.

நீங்கள் யாருக்குக் கடிதம் எழுதுகிறீர்கள் என்பதை மறந்துவிட்டீர்கள். எல்லா ஊர்களின் மழையும் வெயிலும் தினமும் கம்பியில்லாமல் வந்து என் மேஜையில் விழுகிறது. நம் ஊரையும் நான் பார்க்காமல் விடுவேனா? முதலில் அதைத்தான் பார்ப்பேன். நீங்கள் சொன்ன அந்த ஞாயிறு விடியவிடிய மழை, பகல் முழுக்க மூட்டம். முந்தின சனியும் அப்படித்தான். ஜன்னலுக்கு மேலே ஒரு துண்டு வானம் தெரிகிறதே, அதில் இழை இழையாகப் போகிற மேகம், தெருவில் ஈரம், அந்த ஈரத்தின் மேல் முன்பகல் வெயில், இந்த மூன்றும் சேர்ந்து அந்த வாரத்தில் நம் ஊருக்கு ஒரே ஒரு நாள்தான் வந்தது. புதன்கிழமை.

புதன்கிழமை முன்பகலில் நீங்கள் ஏன் வீட்டில் இருந்தீர்கள்? பல் செட் லேபில் உங்களுக்கு அந்த நேரத்தில் மெழுகு உருகிக்கொண்டிருக்க வேண்டுமே.

சண்டைக்காகக் கேட்கவில்லை. பயந்து கேட்கிறேன். எனக்கு ஒரு படம் வேண்டும். வீடு வேண்டாம், ஜன்னல் வேண்டாம். லேபில், உங்கள் மேஜையில், ஏப்ரனோடு நீங்கள் உட்கார்ந்து பல் கட்டுகிற படம். இத்தனை படத்தில் நீங்கள் ஒன்றில்கூட இல்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன். அக்டோபர் மாதக் கடைசி வண்டியில் தலைமை ஆபீசுக்குப் பதில் போக வேண்டும், அதுவரைதான் நேரம்.

உடம்பு நன்றாக இருக்கிறதா? இந்தத் தடவை நிஜமாகவே கேட்கிறேன்.

உங்கள் மேகக்காரி


அக்டோபர் 1

மேகக்காரிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது, நிஜமாகவே. உன்னிடம் போய் வெயிலைப் பற்றிப் பொய் சொன்னேனே, என் புத்தியை என்னவென்று சொல்வது! முதலாளி இப்போதெல்லாம் முறை மாற்றி லீவு விடுகிறார். எனக்குப் புதன். ஞாயிறு என்றே சொல்லிப் பழகிவிட்டது, அவ்வளவுதான். இதற்குப் போய் ஊர் ஊராக மேகத்தைக் கூப்பிட்டு சாட்சி வைத்தாயே!

படம் எடுத்து அனுப்புகிறேன். லேபில் வெளிச்சம் போதாது, கொஞ்சம் பொறு. அதற்காகக் காத்திருக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடு. பலூன் உன்னைத்தான் நம்பியிருக்கிறது. நேரம் கிடைக்கும்போது எழுது.

உன் பல்லுக்காரன்


அக்டோபர் 16

பல்லுக்காரருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுத மனம் வரவில்லை. காய்ச்சல் எதுவும் இல்லை, பயப்படாதீர்கள்.

படம் வரவில்லை. இரண்டு வண்டி வந்து போய்விட்டது. ஒவ்வொரு தடவையும் டிரைவர் தூரத்திலேயே கையை விரித்துக் காட்டிவிடுகிறார்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். டைப் அடித்த எழுத்தில் ஆள் தெரிவதில்லை. கோபமா சிரிப்பா என்று தெரிவதில்லை. கடைசியில் பேனாவால் போடுகிற கையெழுத்து மட்டும்தான் உங்களுடையது. அதுவும் இப்போதெல்லாம் அவசரத்தில் போட்டதுபோல இழுத்துக்கொண்டு போகிறது.

ஒரே ஒரு வார்த்தை கேட்கிறேன். வா என்று எழுதுங்கள், பெட்டியைக் கட்டுகிறேன். வேலை எனக்குப் பிடிக்கும். உங்களை அதைவிடப் பிடிக்கும். இதை வாய்விட்டுச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இரு என்பதுதான் பதில் என்றால், உங்கள் முகத்தைக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள். மாதக் கடைசி வண்டிவரை பார்க்கிறேன்.

உங்கள் மேகக்காரி


அக்டோபர் 22

மேகக்காரிக்கு,

இங்கே மழை விட்டுவிட்டது. அங்கே குளிர் கூடியிருக்கும். காதை மூடிக்கொள்.

நேற்று மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் முதலாளி லேபைத் திறந்துவிட்டார். "எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருங்க, உங்க எடம்தானே" என்றார். அவரைக் கஞ்சர் என்று இனி சொல்லாதே. ஸ்டூடியோக்காரர் ஸ்டாண்டை நிறுத்திக் கொடுத்தார். நான் உட்கார வேண்டிய நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அவருடைய கண்ணிமையைப் பார்த்து லென்ஸைத் திருகினேன். இந்தக் கேமராவில் ஒரு விரற்கடை முன்னால் பின்னால் போனாலும் மங்கிவிடும். பிறகு நாங்கள் இடம் மாறினோம். வெளிச்சம் போதாததால் ஷட்டரைச் சில நொடி திறந்தே வைக்க வேண்டியிருந்தது. பந்தைக் காலால் மிதித்துக்கொண்டு, பல் செட்டின் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு படம் எடுத்தேன். ஒன்று நன்றாக வந்தது. மற்றதை இத்துடன் அனுப்புகிறேன்.

பார்த்துவிட்டு எழுது.

உன் பல்லுக்காரன்


நவம்பர் 14

என் மனிதருக்கு,

சுகம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். உங்கள் படம் கிடைத்து வாரங்கள் ஆகின்றன. எழுத உட்கார்ந்தபோதெல்லாம் கையில் பேனா நின்றுவிட்டது, இன்றைக்குத்தான் ஓடுகிறது.

நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். மாதக் கடைசி வண்டி மூடுபனியில் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. டிரைவருக்கு அவசரம். "பனி இறங்கறதுக்குள்ள கீழ போகணும்மா, சீக்கிரம் குடுங்க" என்றார். அதுவரை உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. பதில் இல்லாததுதான் பதில் என்று முந்தின நாளே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிட்டேன். ஒரு கையால் அதைக் கொடுத்தேன், மறு கையால் தபால் பையை வாங்கினேன். வண்டி வளைவைத் தாண்டிய பிறகுதான் பையைத் திறந்து உங்கள் பொட்டலத்தைப் பார்த்தேன். கத்திக்கொண்டே ஓடினேன். பனிக்குள் வண்டியின் சத்தம் மட்டும்தான் கேட்டது.

பிறகு அறைக்கு வந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். உங்கள் முகம். இளைத்திருக்கிறீர்கள். இமைமுடி ஒவ்வொன்றும் தெரிகிறது. ஏப்ரனில் மெழுகுக் கறை எதுவும் இல்லை. மேஜையில் வேறு யாருடைய தண்ணீர் பாட்டிலோ, வேறு யாருடைய சீப்போ இருக்கிறது. இடது கை தெளிவாக இருக்கிறது, நகத்தில் வெட்டுக்காயம் உட்பட. வலது கையைத் தேடினேன். அந்த இடத்தில் ஈரம் பட்டிருக்கிறது என்று நினைத்து முந்தானையால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அப்படியே இருந்தது. மணிக்கட்டுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புகை, அதற்குள் அச்சு, அச்சில் பற்கள் எல்லாம் ஒன்றாகக் கலைந்து. முகம் அசையவில்லை, தோள் அசையவில்லை. அந்தச் சில நொடி முழுவதும் உங்கள் வலது கை மட்டும் நிற்காமல் நடுங்கியிருக்கிறது.

நன்றாக வந்த இன்னொரு படத்தில் அந்தக் கை எங்கே இருந்தது? மேஜைக்கு அடியிலா?

டைப்ரைட்டரும் புரிந்தது, ரப்பர் பந்தும் புரிந்தது, புதன்கிழமையும் புரிந்தது. முதலாளி மொத்தமாகக் கொடுத்தது எதற்கு என்றும் புரிந்தது. ஜூன் மாதத்திலேயே வேலை போயிருக்கிறது. நான் தலைவரைப் போய்ப் பார்த்தேன். கெஞ்சினேன் என்றே சொல்ல வேண்டும். "எனக்கு வருத்தமாத்தான் இருக்கு. ஆனா உங்க எடத்துக்கு வர வேண்டியவங்கள வேற நிலையத்துக்கு அனுப்பிட்டாங்க. பனிக்காலத்துல இத ஆளில்லாம விட முடியாதும்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை.

என் கோபம் நோயின் மேல் இல்லை. நான் எதைத் தாங்குவேன், எதைத் தாங்க மாட்டேன் என்று எனக்கும் சேர்த்து நீங்களே தீர்மானித்துவிட்டீர்களே, அதன் மேல்தான். வா என்ற ஒரு சொல்லை எழுத இன்னும் எத்தனை படம் எடுக்க வேண்டியிருந்தது உங்களுக்கு? சட்டைப் பொத்தானை யார் போட்டுவிடுகிறார்கள்? அந்த நகத்து வெட்டு காய் நறுக்கும்போது பட்டதா? டம்ளரை எந்தக் கையால் பிடிக்கிறீர்கள்? இதையெல்லாம் நினைத்து நினைத்து அழுகிறேன், பிறகு போய் பலூன் விடுகிறேன்.

எனக்கு இங்கே இரண்டு அறை கொடுத்திருக்கிறார்கள். ஒன்று கிழக்குப் பார்த்தது. கீழ் ஊரில் நரம்பு பார்க்கிற டாக்டர் இருக்கிறார், விசாரித்துவிட்டேன். இதற்குமேல் நான் கேட்க மாட்டேன். வேண்டுமென்றால் நீங்கள் கேளுங்கள்.

உங்கள் மேகக்காரி


டிசம்பர் 5

மேகக்காரிக்கு,

நான் நன்றாக இல்லை. வலது கை நடுங்குகிறது. போன வருடக் கடைசியில் ஆரம்பித்தது, அப்போது குளிர் என்று நினைத்தேன். ஒரு அம்மாவின் முன்பல்லை இரண்டு தடவை கோணலாக வைத்துவிட்டேன். மூன்றாவது தடவை முதலாளி அச்சை வாங்கிக்கொண்டு அவரே செய்தார். அடுத்த நாள் நானாகவே நின்றுவிட்டேன். "இது போகாது. உயிருக்கு ஒண்ணும் இல்ல, ஆனா மெதுவா கூடும். கூட யாராவது இருக்கறது நல்லது" என்று டாக்டர் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் கேட்காதது மாதிரி வந்துவிட்டேன்.

பேனாவால் எழுதுகிறேன். கோழி கிளறியது மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்.

வாழ்க்கை முழுவதும் என் கையை வைத்துத்தான் நான் யார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அது போனதும் கடைக்குள் போய் அந்தக் கேமராவை வாங்கினேன். ஸ்டாண்டில் நின்றால் அதற்கு என் கை தேவையில்லை. குனிந்து பார்க்கும்போது எனக்கும் அது தேவையில்லை. அந்தக் கண்ணாடித் தகட்டுக்குள் எனக்கு உடம்பே கிடையாது. அதை ஆசை தீர அனுபவித்தேன், அதில் பொய்யில்லை. ஆனால் பார்த்த எதையும் பக்கத்தில் காட்ட ஆளில்லாமல் பார்த்தேன். எனக்கு நீ வேண்டும். இதை ஜூன் மாதமே எழுதியிருக்க வேண்டும்.

நீ கையெழுத்துப் போட்டதில் எனக்குச் சந்தோஷம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை, அழுகைதான் வந்தது. அழுது முடித்துவிட்டுப் பெட்டியைக் கட்டினேன். அதற்கு எவ்வளவு நேரமாயிற்று என்று கேட்காதே. வீட்டுச் சாவி எதிர் வீட்டு அம்மாவிடம் இருக்கிறது. டைப்ரைட்டரை அவர் தலையில் கட்டிவிட்டேன்.

இதைக் கீழ் ஊரிலிருந்து எழுதுகிறேன். டயர் கடைக்கு மேலே ஒரு லாட்ஜ், ஒரே ஒரு நாற்காலி, சுவரில் மாற்றாத பழைய காலண்டர். மத்தியானம் ஜன்னலோரம் கேமராவை நிறுத்தி மூடியைத் திறந்து பார்த்தேன். மலை முழுக்க மேகம். தகட்டில் அது வலமிருந்து இடமாக மெதுவாக நகர்ந்துகொண்டே இருந்தது. அதற்குள் எங்கேயோ நீ நிற்கிறாய் என்று நினைத்தபடி வெகுநேரம் குனிந்திருந்தேன். பிறகு நிமிர்ந்து வெறும் கண்ணால் பார்த்தேன்.

தபால் வண்டி டிரைவர் வந்து பெட்டியைத் தூக்கிப் பார்த்தார். "என்ன சார், கல்லு வச்சிருக்கீங்களா?" என்றார். கேமரா என்றேன். "நீங்கதானா அது? அந்தம்மா வண்டி பின்னாடியே ஓடி வந்தாங்களாம், எனக்குத் தெரியவே இல்ல சார். மேல இருந்தவங்க அப்புறமா சொன்னாங்க" என்று வருத்தப்பட்டார். முன் ஸீட்டைத் துடைத்துவைப்பதாகச் சொன்னார்.

காலையில் இந்தக் கடிதத்தை அவருடைய பையில்தான் போடுவேன். அதனால் இதுவும் நானும் ஒரே வண்டியில் வந்து சேர்வோம். இதை அப்புறம் படித்துக்கொள்ளலாம். அந்த வண்டியின் படி உயரமாக இருக்கிறது, லாட்ஜ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். என்னால் தனியாக இறங்க முடியாது. பக்கத்தில் வந்து கை கொடு.

உன் பல்லுக்காரன்